குழல் விழுங்கிய கம்பு

நாட்டுத் துப்பாக்கிகளைப் பரிசோதிக்க எந்தக் கம்பை வாங்கலாம் என்று, நம் ஆய்வகத்தின் துப்பாக்கிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். பதில் எழுத ஐந்து மாதங்கள் தாமதமாகிவிட்டது. இந்த ஆண்டு எனக்கு எழுதுவதற்கு உகந்த ஆண்டாக அமையவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் மேசைக்கு வரும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பின்புறம் திறப்பவை. உள்ளே தோட்டா இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். நம் மலையடிவாரத்தில், பன்றியை விரட்ட உரிமம் பெற்று விவசாயிகள் வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி அப்படிப்பட்டதல்ல. அது ஒரே வாசல் உள்ள வீடு. கருமருந்து, அதன்மேல் ஓர் அடைப்பு, அதன்மேல் ஈய ரவைகள், மீண்டும் ஓர் அடைப்பு என எல்லாம் குழலின் வாய் வழியாகவே உள்ளே போக வேண்டும். ஒரு கம்பினால் இடித்து இறுக்கப்பட வேண்டும். துடைப்பதும் அதே வாய் வழியாகத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியே நிற்பவருக்குச் சொல்லக்கூடியது அந்தக் கம்பு ஒன்றே.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெறும் எஃகுக் கம்பு குழலின் வாயை உராய்ந்து தேய்க்கும். முனையில் பித்தளை பூட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். பித்தளைக்கு இன்னொரு குணமும் உண்டு. காலிக் குழலின் அடியில் அது தட்டும்போது மணியோசை போன்ற ஒன்று மேலே எழுந்து வரும். உள்ளே மருந்து இருந்தால் ஓசை எழாது. மண்ணில் விழுந்ததுபோல் அடங்கிவிடும். அந்த அடக்கத்தை நான் என் பணிக்காலத்தில் நான்கு முறை கேட்டிருக்கிறேன். நான்கு முறையும், யாரும் சொல்லாமலே, அறையில் இருந்த அனைவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

செயற்கை இழையாலான கம்புகள் வளையும். மணல் துகள் அவற்றில் பதிந்துகொண்டு குழலை உள்ளிருந்து கீறும். மரக்கம்பு எனில், அறுத்து எடுத்தது வேண்டாம். பிளந்து எடுத்தது வேண்டும். வாள், நார் ஓடும் திசையைப் பார்ப்பதில்லை. பாதி வழியில் நார் வெளியேறிவிட்ட கம்பு, இடிக்கும்போது அந்த இடத்தில் முறிந்து ஈட்டி முனையாக உள்ளங்கைக்குள் ஏறும். எங்கள் உதவியாளர் ஒருவர் அவ்வாறு ஏறிய கம்போடு, வலி இன்னும் வந்துசேராத முகத்துடன், "சார், கம்பு கொஞ்சம் சின்னதாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டு என் அறைக்கு நடந்து வந்தார். நீளம், குழலைவிட ஒரு சாணாவது கூடுதலாக இருக்கட்டும்.

இவ்வளவையும் நீங்கள் விலைப்பட்டியலைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாம். பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்லவே இந்த நீண்ட பதில். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரைச் சொல்லப்போவதில்லை.

ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தார்கள். அண்ணன் தங்கையன் ரப்பர் பால் வெட்டுபவர், திருமணம் செய்துகொள்ளாதவர். தம்பி ராஜமணிக்கு லீலா என்ற மனைவியும் ஆறு வயதில் ஒரு மகளும் உண்டு. சகோதரர்கள் இருவரிடமும் உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒவ்வொன்று இருந்தது. இரண்டு வீடுகளுக்கும் நடுவே போகும் நடைபாதை யாருக்கு உரியது என்பதில் எழுந்த மனத்தாங்கலால் இரண்டு ஆண்டுகளாக அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

ஒரு பிற்பகலில், மரச்சீனி விளையில், அதாவது மரவள்ளித் தோட்டத்தில், பன்றி இறங்கியிருக்கிறது என்று தங்கையன் தம் துப்பாக்கியை எடுத்தார். சற்று நேரத்தில் அவர் வீட்டு வாசலில் ராஜமணி மார்பில் ரவைகள் பாய்ந்து இறந்து கிடந்தார்.

தங்கையன் போலீசில் சொன்னது இவ்வளவுதான்: "கம்பு விட்டுப் பாத்தேன். காலிக் கோடு வரைக்கும் போச்சு. உள்ள ஒண்ணுமில்லன்னு கேப்பு மட்டும் வச்சு ஒரு தடவ அடிச்சேன். அந்நேரம் பாத்து அவன் வாசலுக்கு ஓடி வாறான். வாயத் தொறந்துக்கிட்டு வாறான். சண்டைக்கு வாறான்னு நெனச்சேன்."

இதை நீங்கள் புரிந்துகொள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தவர்கள் தங்கள் கம்பின் மேல்பகுதியில் கத்தியால் இரண்டு கோடுகள் வெட்டியிருப்பார்கள். காலிக் குழலில் கம்பு அடிவரை இறங்கி நிற்கும்போது, குழலின் வாயோடு சேரும் இடத்தில் ஒரு கோடு. மருந்தும் ரவையும் இட்டு இறுக்கிய பிறகு, அதாவது கெட்டித்த பிறகு, சேரும் இடத்தில் இன்னொன்று. முதலாவதற்குக் காலிக் கோடு என்று பெயர். கம்பைவிட்டுப் பார்த்துக் காலி என்று தெரிந்தால், மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடியான கேப்பை மட்டும் வைத்து ஒருமுறை அடிப்பார்கள். நெருப்புத் துளையில் தேங்கிய எண்ணெய் எரிந்துவிடும். பிறகுதான் மருந்து இடுவார்கள். தங்கையன் செய்ததாகச் சொன்னது அதைத்தான். வாசலை நோக்கி அடித்தது அவருடைய பிழை. மற்றபடி, அவர் சொன்னது உண்மையானால் அது கொலையல்ல.

ஆனால் துப்பாக்கி வெடித்திருந்தது. கெட்டித்த துப்பாக்கியில் கம்பு காலிக் கோடுவரை இறங்க வழியில்லை. ஆகவே அவர் பொய் சொல்கிறார் என்பது காவல்துறையின் வாதம். இரண்டு ஆண்டுப் பகை, மூன்று எட்டு வைக்கும் தூரம், மார்பில் காயம். கொலைக் குற்றம் பதிவாயிற்று.

துப்பாக்கி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் மூன்று. துப்பாக்கி இயங்கும் நிலையில் உள்ளதா; விசையை இழுக்காமல் தானாக வெடிக்குமா; எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது. நான் என்னுடைய கம்பினால், எஃகில் பித்தளை முனை பூட்டிய மிக நல்ல கம்பினால், குழலைப் பரிசோதித்தேன். இயங்கும், தானாக வெடிக்காது, அருகிலிருந்து சுடப்பட்டது என்று எழுதினேன். ஒவ்வொரு பதிலும் சரியானது. ஒவ்வொன்றும் தங்கையனுக்கு எதிரானது. துப்பாக்கியோடு சேர்த்து முத்திரையிட்டு அனுப்பப்பட்டிருந்த இன்னொரு பொருளைப் பற்றி, "மரக்கம்பு ஒன்று. ஆய்வு தேவைப்படவில்லை" என்று எழுதினேன்.

எட்டு மாதங்கள் கழித்து, சாட்சியம் அளிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய வாரம், கோப்பை மறுபடியும் படித்தேன். மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகல். துப்பாக்கியை வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்திப் பிடிப்பானில் நிறுத்தியிருந்தேன். அந்த மரக்கம்பை எதற்காகக் கையில் எடுத்தேன் என்பதை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. கமுகு மரத்தைப் பிளந்து, கண்ணாடிச் சில்லால் சீவி, நன்றாகச் செய்த கம்பு. அதைக் குழலுக்குள் விட்டேன்.

கம்பு இறங்கியது. காலிக் கோடு குழலின் வாய்க்கு வந்தது. நிற்காமல் அதைக் கடந்து உள்ளே போனது. கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை அளவு பிடி மிச்சமிருந்தது. அதுவும் போனது. என் விரல்கள் ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு நின்றன. ஆழத்தில் ஒரு தட்டல் கேட்டது. கம்பு முழுவதும் குழலுக்குள் மறைந்துவிட்டிருந்தது.

குனிந்து பார்த்தேன். உள்ளே இருட்டு மட்டுமே இருந்தது. யாரோ அடியில் நின்று கைநீட்டி வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது என்று எழுதுவது ஓர் அறிவியலாளனுக்கு அழகல்ல. ஆனால் அப்படித்தான் இருந்தது. துப்பாக்கியைச் சாய்த்ததும் கம்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்து மேசைமேல் விழுந்தது. நான் உடனே அதைத் தொடவில்லை.

பிறகு அளந்தேன். அந்தக் கம்பு அந்தத் துப்பாக்கிக்கு உரியதல்ல. குழலுக்குள் காணாமல் போகும் கம்பை எவனும் தன் துப்பாக்கிக்கென்று செய்துகொள்ள மாட்டான். அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. இந்தக் கம்பின் காலிக் கோடு இந்தக் குழலின் வாயில் வந்து நிற்க வேண்டுமானால், அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு ஏதோ ஒன்று இருக்க வேண்டும். நான்கு விரற்கடை என்பது, பன்றிக்காக இடும் ஒரு கெட்டிப்பின் உயரம். தங்கையன் கம்பை விட்டுப் பார்த்தார். கோடு சரியாக வந்தது. அடியில் மருந்து இருந்ததனாலேயே அது சரியாக வந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

அவர் தாமே கெட்டித்திருந்தால் கோடு பொருந்தாததை அப்போதே கண்டிருப்பார். எனில் கெட்டித்தவர் யார்?

பிரேதப் பரிசோதனையில் எடுத்து அனுப்பப்பட்ட அடைப்பு இன்னும் என் பொறுப்பில் இருந்தது. தங்கையன் வீட்டில் கைப்பற்றிய டப்பாவில் அடைப்புக்கென்று தென்னந்தும்பு, அதாவது தேங்காய் நார், மட்டுமே இருந்தது; இதுவோ தாள். முன்பு "தாள்" என்று குறித்ததோடு நிறுத்தியிருந்தேன். இப்போது அதை ஈரப்படுத்தி, ஊசி முனையால் மடிப்பு மடிப்பாக விரித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஓரங்கள் கருகிய, கோடு போட்ட தாள். உருப்பெருக்கியின் வட்டத்துக்குள் பென்சில் எழுத்துகள் தோன்றின. ழ. அதன் பக்கத்தில் இன்னொரு ழ. மூன்றாவது பாதிவரை. சுழியைப் போடத் தெரியாமல் அழுத்தி அழுத்திப் போட்ட பெரிய எழுத்துகள்.

வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். நல்லவர், அன்று என்மேல் கோபமாக இருந்தார்.

"சாரே, ரிப்போர்ட்டு குடுத்து எட்டு மாசம் ஆவுது. இப்ப வந்து கம்பு சின்னதா இருக்குன்னா, நான் கோர்ட்டுல போய் என்னத்தச் சொல்ல?"

"தப்பு என்னோடதுன்னு சொல்லுங்க."

"தப்பு ஒங்களுக்கது. சாவுயது எனக்க கேசுல்லா?" என்றார். ஆனால் நீதிமன்ற அனுமதி பெற்று, அவரே என்னை ஜீப்பில் அழைத்துச் சென்றார்.

காவல் நிலையத்திலேயே பாதி விடை கிடைத்தது. தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை எல்லோரும் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ராஜமணி இறப்பதற்குச் சற்று முன் வந்த தேர்தலில் அந்த வேலையைப் பார்த்த ஏட்டு, ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார்.

"தோக்க நிமித்தி வச்சா கம்பு உருவி உருவிக் கீழ விழுதுல்லா சார். அதனால தோக்கு எல்லாத்தையும் தனியா அடுக்கினேன். கம்ப எல்லாம் சேத்து, விறகு மாதிரி ஒரே கெட்டாக் கெட்டி மூலையில சாத்தினேன். திருப்பிக் குடுக்கயில அவனவன் கையில கெடச்சத உருவிட்டுப் போனான். கம்புதானே சார்?"

நானும் அதைத்தான் என் அறிக்கையில் எழுதியிருந்தேன்.

ராஜமணியின் துப்பாக்கி, அவர் இறந்த பிறகு அங்கேயே ஒப்படைக்கப்பட்டிருந்தது. விசையின் சுருள் உடைந்திருந்தது. கம்பைக் காணவில்லை. அதன் குழல் அண்ணனுடையதைவிட நான்கு விரற்கடை குட்டை. நான் கொண்டுபோயிருந்த கம்பை அதில் விட்டேன். காலிக் கோடு, மயிரிழை பிசகாமல் குழலின் வாயில் வந்து நின்றது. சகோதரர்களின் கம்புகள் ஒன்றுக்கொன்று மாறிப் போயிருந்தன. துப்பாக்கியைத் திரும்பப் பெற்ற பிறகு, தங்கையன் கம்பை விட்டுப் பார்த்தது சம்பவத்தன்றுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அப்படியானால் அண்ணனின் நீளக் கம்பு தம்பியின் வீட்டில் இருக்க வேண்டும். அது கிடைத்தால் தங்கையனின் வாக்குமூலத்துக்கு ஆதாரம் உண்டு. கிடைக்காவிட்டால், கம்பைத் தங்கையனே பிறகு மாற்றி வைத்தார் என்று அரசுத் தரப்பு சொல்லும். ஆயுள் தண்டனைக்கு அதுவே போதும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முற்பகல். மழை விட்டு மூன்று நாள் வெயில் காய்ந்திருந்தது. காற்று சிறிதும் இல்லை. ரப்பர் மரங்களில் காய்கள் வெடித்து, விதைகள் எங்கெங்கோ விழும் ஓசை வந்துகொண்டிருந்தது. பூட்டிக்கிடந்த தங்கையன் வீட்டைக் கடக்கும்போது இன்ஸ்பெக்டர் நின்றார்.

"ஊர்ல ஒரு பேச்சு உண்டு சாரே. பூட்டின வீட்டுக்குள்ள கம்பு இடிக்கிய சத்தம் கேக்குதாம். காய் வெடிச்சி ஓட்டுல விழுது, வேற என்னத்த. ஆளு செத்த வீடுன்னா சொல்ல ஒரு கத வேணும் இவனுகளுக்கு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அது கேட்டது. இரண்டு முறை. சீரான இடைவெளியில், மரத்தின்மேல் மரம் தட்டுவது போல். நான் கூரையைப் பார்த்தேன். ஓசை அங்கிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

லீலா கதவைத் திறந்து விலகி நின்றார். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். கம்பைப் பற்றி இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கம்பா? எனக்குத் தெரியாது சார். அவியளுக்க சாமான் ஒண்ணும் நான் தொட்டதில்ல."

இன்ஸ்பெக்டர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவர் வாசலைப் பார்த்து நின்று குடித்துக்கொண்டிருக்கையில் நான் உள்ளறையைப் பார்த்தேன். உத்தரத்திலிருந்து இறங்கிய இரண்டு கயிறுகளில் துணி போடும் கம்பு ஒன்று கிடையாகத் தொங்கியது. அதில் ஆறு ஆண் சட்டைகள். எல்லாவற்றிலும் கழுத்துவரை பொத்தான் போடப்பட்டிருந்தது. காற்றில்லாததால் ஒரு கைகூட அசையவில்லை. ஆறு பேர் தோளோடு தோள் சேர்ந்து, முகத்தை மட்டும் வேறெங்கோ வைத்துவிட்டு, எங்களைப் பார்த்து நிற்பதுபோல் இருந்தது. கம்பின் ஒரு முனை சட்டைகளுக்கு அப்பால் நீண்டிருந்தது. அதில் கத்தியால் வெட்டிய இரண்டு கோடுகள்.

நான் பார்ப்பதை லீலா பார்த்துவிட்டார். இன்ஸ்பெக்டர் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இளம் நண்பர்களே, கருவிகளைப் பற்றி எவரும் உங்களுக்குக் கற்றுத் தருவார்கள். இந்தக் கால் நிமிடத்தைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. நான் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். கைப்பற்றும் அதிகாரம் அவருக்கு இருந்தது. கம்பு கிடைத்திருக்கும். அதோடு அந்தப் பெண்ணின் வாய் மூடியிருக்கும். கம்புகள் மாறியதைத்தான் கம்பு சொல்லும். கெட்டித்தது யார் என்பதை இவர் ஒருவரே சொல்ல முடியும். நான் பேசாமல் இருந்து, நாங்கள் போன பிறகு அவர் அதை அடுப்பில் வைத்துவிட்டால், சிறையில் இருப்பவருக்கு விடிவே இல்லை. இரண்டில் எதைச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சட்டைகளை அவர் இத்தனை மாதங்களாக ஏன் அப்படியே விட்டிருக்கிறார் என்பதும் அன்று எனக்குப் புரியவில்லை. சிறிது எரிச்சல்கூட வந்தது. என் மனைவி காலமாகி இப்போது ஏழு மாதங்கள் ஆகின்றன. அவளுடைய மூக்குக்கண்ணாடி, காம்புகள் விரிந்தபடியே மேசைமேல் இருக்கிறது. நான் மடிக்கவில்லை.

நான் தரையில் அமர்ந்தேன். பையிலிருந்து புகைப்படத்தை எடுத்தேன். விரித்த தாளின் படம். ஓரத்தில் கருகல் தெரியாதபடி வெட்டியிருந்தேன். அவர் முன் வைத்தேன்.

"இத எங்கயாவது பாத்திருக்கீங்களாம்மா?"

அவர் குனிந்து பார்த்தார். "இது எனக்க பிள்ளைக்க எழுத்துல்லா" என்றார். பிறகு, "எங்கயிருந்து கெடச்சுது ஒங்களுக்கு?"

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு பதில்களை யோசித்துப் பார்த்தேன். எதுவும் கிடைக்கவில்லை.

"ஒங்க மாப்பிள்ளையோட காயத்துல இருந்து எடுத்தது."

அவர் உட்கார்ந்தார். வெளியே ஒரு காய் வெடித்து விதை முற்றத்தில் உருண்டது.

"பள்ளிக்கூடம் தொறக்கயில அண்ணன் வாங்கித் தந்த நோட்டு சார். எங்களுக்க கூடத்தான் பேச்சில்ல. பிள்ளைக்க கையில குடுத்து விட்டாவ."

கேட்காமலே தொடர்ந்தார்.

"அவியளுக்க தோக்கு ஸ்பிரிங்கு ஒடஞ்சி கெடந்துச்சு. மரச்சீனிய பன்னி குத்திப் போட்டுச்சு. அண்ணன் வேலைக்குப் போன நேரம், சாவி இருக்க எடம் தெரியும்லா, தொறந்து அந்தத் தோக்க எடுத்துட்டு வந்தாவ. கம்பு மாறினது அவியளுக்குத் தெரியும். 'அவனுக்க கம்பு நம்மகிட்டதான இருக்கு, சவத்த, வசதியாப் போச்சு'ன்னு சிரிச்சாவ. அடைக்கத் தும்பு கெடைக்கல. பிள்ளைக்க நோட்டுல ரெண்டு தாளக் கிழிச்சாவ. பன்னி வரல சார். மருந்தோட கொண்டு போய் இருந்த எடத்துல தொங்கவிட்டுட்டு வந்தாவ."

"அண்ணங்கிட்ட சொல்லலியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பேச்சில்லியே சார். எனக்கிட்ட, 'ஏட்டி, நீ போய் ஒரு வார்த்த சொல்லிரு'ன்னாவ. நான் போவல. 'ஒங்க அண்ணன், நீங்களே போய்ச் சொல்லுங்க, எனக்கென்ன'ன்னேன்." அவர் தம் கைகளைப் பார்த்தார். "நாளைக்குச் சொல்லலாம்னாவ. நாளைக்கு, நாளைக்குன்னு நாலு நாளு. அன்னைக்கு அந்த ஜன்னல் வழியாப் பாத்தாவ, அண்ணன் தோக்க எடுக்குயத. 'மருந்து கெடக்கு, மருந்து கெடக்கு'ன்னு கத்திக்கிட்டே எறங்கி ஓடினாவ. ரெண்டு வருசத்துக்கப்புறம் அந்த நடையில கால் வச்சது அன்னைக்குத்தான்."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

லீலா எழுந்து உள்ளறைக்குப் போனார். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மடிக்கவில்லை, பொத்தான்களைக் கழற்றவும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகத் தம் இடத்தோளில் போட்டுக்கொண்டார். கயிறுகளின் முடிச்சை அவிழ்த்துக் கம்பை எடுத்து வந்து, இன்ஸ்பெக்டரிடம் அல்ல, என்னிடம் நீட்டினார். ஆறு சட்டைகளின் கைகள் அவர் முதுகிலும் மார்பிலும் தொங்கின.

"அண்ணன் வந்திருவாவளா சார்?"

"தெரியலம்மா. கொலையில்லன்னு என்னால சொல்ல முடியும்."

துணை அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கையில் நான் விட்டதை முதல் பத்தியிலேயே எழுதினேன். அதை மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைக்கலாம் என்று ஆலோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். குறுக்கு விசாரணையில், இவ்வளவு அனுபவம் உள்ள நீங்கள் ஏன் அந்தக் கம்பைச் சோதிக்கவில்லை என்று கேட்டார்கள். என்னுடைய கம்பு அதைவிட நல்லது என்று எண்ணினேன் என்றேன். நீதிபதி செய்து காட்டச் சொன்னார். நீளக் கம்பு, காலிக் கோட்டில் வந்து நின்றது. குட்டைக் கம்பை விட்டேன். குழல் அதை விழுங்கியது. அடியில் எழுந்த தட்டல், மின்விசிறிகளின் இரைச்சலை மீறி அந்தக் கூடத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. யாரோ "யேசுவே" என்றார்கள்.

லீலா சாட்சிக் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னார். கணவர் தாளைக் கிழித்து அடைத்தார் என்றும் சொன்னார். எந்தத் தாள் என்று எவரும் கேட்கவில்லை. என் அறிக்கையில், "கோடிட்ட தாள், பென்சில் எழுத்துகள் உள்ளன" என்று இருந்தது.

கொலைக் குற்றம் நிற்கவில்லை. கவனக்குறைவால் உயிரிழப்பை உண்டாக்கினார் என்பது மட்டுமே நிரூபணமாயிற்று; அதற்கான தண்டனையை அவர் காத்திருந்த நாட்களிலேயே அனுபவித்து முடித்திருந்தார். தீர்ப்புக்குப் பிறகு வராந்தாவில், காகிதங்கள் கையெழுத்தாகி வருவதற்காகத் தங்கையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். நான் கடந்து போகையில் எழுந்து நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சாரே, அடைப்பு தாளுன்னு சொன்னிய. பென்சில் எழுத்துன்னும் சொன்னிய. என்ன தாளு அது?"

அவர் கண்கள் என் முகத்தை விட்டு நகரவில்லை. அவர் எதை அஞ்சுகிறார் என்பது தெரிந்தது. விடை என் கையிலிருந்த கோப்புக்குள் புகைப்படமாக இருந்தது. ஒரு வரியை விட்டதற்காக எட்டு மாதங்கள் ஒரு மனிதரைச் சிறையில் இருக்க வைத்தவன் நான்; இனி எதையும் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

தூணருகே நின்றிருந்த லீலா முன்னால் வந்தார்.

"கடையில பொட்டலம் மடிச்சுக் குடுத்த தாளு அண்ணா" என்றார். "அடுக்களையில கெடந்துச்சு. அதத்தான் கிழிச்சாவ."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கோப்பை இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"பொட்டலத் தாளா?" என்றார் தங்கையன். மெல்ல உட்கார்ந்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல், அடுத்த அறையில் இருக்கும் ஒருவனைக் கடிந்துகொள்ளும் குரலில் சொன்னார்:

"தும்பு வச்சு அடைலே, தும்பு வச்சு அடைலேன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். சொன்னாக் கேக்கமாட்டான்."